உங்கள் தள்ளுபடியை யார் கட்டுகிறார்கள்?

சிங்கப்பூரில் கட்டடக் கலை நிறுவனங்களை நடத்தும் முதலாளிகளுக்கும் பங்குதாரர்களுக்கும்,

என் மகள் உங்களில் ஒருவருடைய அலுவலகத்தில்தான் வேலை செய்கிறாள். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். பெயர் போடக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. போன மாதம் அங்கே ஒரு சுற்றறிக்கை வந்தது. இதுவரை இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்தால் வீடு திரும்ப டாக்சிக் காசு கிடைத்துவந்தது. இனி நள்ளிரவு தாண்டினால்தான் கிடைக்குமாம். காரணமும் எழுதியிருந்தார்கள்: கட்டணப் போட்டி கடுமையாகிவிட்டது, செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

டாக்சிக் காசுக்காகவா ஒருவர் திறந்த மடல் எழுதுவார் என்று நீங்கள் நினைக்கலாம். என்னை உறுத்தியது வேறு. இரவு பத்து மணிக்கு ஆள் அலுவலகத்தில் இருப்பார் என்பது, எந்த விளக்கமும் தேவைப்படாத விஷயமாக அந்தக் காகிதத்தில் இருந்தது. எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள், அதை எப்படிக் குறைப்பது என்று ஒரு வரி இல்லை. பத்தா, பன்னிரண்டா என்பதோடு விவாதம் முடிந்துவிட்டது. (பதினொன்றரைக்கு வேலையை முடிப்பவர் இன்னும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் டாக்சி கிடைக்கும். இதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.)

நான் கட்டுமானத் தளங்களில் ஆர்டிஓ, அதாவது தளத்திலேயே இருந்து வேலையை மேற்பார்க்கும் தொழில்நுட்ப அதிகாரி. கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது, கான்கிரீட் ஊற்றலாமா கூடாதா என்று பார்ப்பது, இதெல்லாம் என் வேலை. இருபது வருடத்துக்கும் மேலாக உங்கள் டிராயிங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறேன். உங்கள் தொழிலை வெளியே நின்று குறை சொல்லும் ஆள் இல்லை நான். மகள் இந்தப் படிப்பைக் கேட்டபோது வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவனும் நான்தான். அவள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது டக்ஸ்டனில் இருக்கும் பினக்கல் அடுக்குமாடியின் 50ஆவது மாடிப் பாலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏழு கட்டடங்கள், 1,848 வீடுகள். உலக அளவில் நடந்த ஒரு வடிவமைப்புப் போட்டியில் உள்ளூர்க்காரர்களின் சிறிய நிறுவனம் ஒன்று வென்று வரைந்தது என்று சொன்னேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இப்படியும் இருக்கலாமா என்று கேட்டாள். அப்புறம் அவள் வேறு எந்தப் படிப்பையும் பார்க்கவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். உங்களில் பலர் இந்தப் பாதையை நடந்து முடித்துப் பல காலம் ஆகிவிட்டது. இன்றைக்கு அது ஒரு சாதாரண வீட்டுக்கு என்ன விலை என்பதை ஒருமுறையாவது ஒரு வீட்டுக்காரன் வாயால் கேட்க வேண்டும்.

என் மகள் முதலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு டிப்ளோமா படித்தாள். பிறகு பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு. முதுகலைக்கு இன்னும் ஓர் ஆண்டு. அதோடு முடியவில்லை. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டி, தொழில்முறைத் தேர்வு எழுதித் தேறி, கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்தால்தான் சட்டப்படி அவள் தன்னைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினேழு வயதில் தொடங்கிய பெண்ணுக்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தால், 27 அல்லது 28 வயதில் அது கிடைக்கும். தேசிய சேவை செய்யும் பையன்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

கல்வி அமைச்சின் மானியம் போக, பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கட்டணம். அதை மத்திய சேம நிதியின் கல்வித் திட்டத்தில் என் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்தோம். அந்தத் திட்டத்தில் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். வங்கி வழியாகக் கிடைக்கும் கல்விக் கட்டணக் கடன் படிக்கும் காலத்தில் வட்டியில்லாதது. சேமநிதிப் பணத்துக்கு எடுத்த நாளிலிருந்தே 2.5 விழுக்காடு வட்டி ஓடும். ஆனாலும் அந்த வட்டி வங்கிக்குப் போகாமல் என் கணக்கிலேயே திரும்பச் சேரும் என்பதால் இந்த வழி. முதுகலைக் கட்டணத்தைக் கையிருப்பிலிருந்து கட்டினோம்.

கட்டணப் பட்டியலில் வராத செலவுகள் தனி. முப்பரிமாணப் படங்கள் ஓடுவதற்கு ஏற்ற லேப்டாப், அதுவும் நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய அட்டை, பால்சா மரம், அக்ரிலிக் தகடு. லேசர் வெட்டுக் கூலி. பெரிய தாளில் அச்சடிக்கும் கூலி. இறுதி மதிப்பீட்டுக்கு முந்திய வாரங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டதில்லை, அங்கே ஏதாவது ஒரு மாடல் பசை காய்ந்துகொண்டிருக்கும். அரையாண்டுக்கு 500 வெள்ளிக்குக் குறையாமல் இப்படியே போனது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நல்ல பொருளில் செய்வார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மதிப்பெண் போடுகிறவர் கண்ணுக்கு அதுவும் தெரியும்.

2022-இல் எனக்கு 55 வயது ஆனது. அந்த ஆண்டு முழு ஓய்வுக்காலத் தொகை, அதாவது 55 வயதில் சேமநிதியில் ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கிவைக்கும் தொகை, 192,000 வெள்ளி. என் கணக்கு அதைத் தொடவில்லை. தொடாததற்கு மகள் படிப்பு மட்டும் காரணம் இல்லை, வீட்டுக் கடனும் உண்டு. ஆனால் படிப்புக்குப் போன பணம் திரும்பி வரும் வேகத்தைப் பொறுத்துத்தான் பிற்பாடு எனக்கு மாதாமாதம் வரப்போகும் தொகையும் இருக்கும். அந்தப் பணத்துக்காக அவள் மாதம் 290 வெள்ளி என் கணக்கில் திருப்பிக் கட்டுகிறாள். பன்னிரண்டு ஆண்டுத் தவணை.

இப்போது வருமானம். 2023-இல் முதுகலை முடித்து 3,900 வெள்ளிக்கு வேலையில் சேர்ந்தாள். சேமநிதிக்கு 780, சிண்டாவுக்கு (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 7 போகக் கையில் வருவது 3,113. தவணை கட்டினால் 2,823. அதே ஆண்டு பட்டம் பெற்றவர்களைப் பற்றி உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய வேலைவாய்ப்பு ஆய்வில், முழுநேர வேலையில் இருப்பவர்களின் இடைநிலைச் சம்பளம் 4,313 வெள்ளி. அதில் பெரும்பாலோர் முதுகலை படிக்காதவர்கள். சரி, நானூறு வெள்ளி வித்தியாசத்துக்காக நான் சண்டைக்கு வரவில்லை. பிடித்த வேலைக்கு அந்த அளவு விட்டுக்கொடுக்கலாம். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

அந்த ஆய்வின் அட்டவணையில் சம்பளம் இருக்கிறது, வேலை நேரம் இல்லை. சிக்கல் அங்கேதான். என் மகள் காலை ஒன்பதுக்குப் போனால் இரவு பத்து, பதினொன்றுக்குத் திரும்புவது வாரத்தில் மூன்று நான்கு நாள். டிராயிங்குகளை ஒப்படைக்கும் சப்மிஷன் தேதி நெருங்கினால் சனிக்கிழமையும் உண்டு. வாரத்துக்கு 60 மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 260 மணி. 3,900-ஐ வகுத்தால் மணிக்கு 15 வெள்ளி. படிக்கிற காலத்தில் செலவுக்காக அவள் பக்கத்து புளோக்கில் உயர்நிலை ஒன்று படிக்கும் பையனுக்குக் கணக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு மணிக்கு 30 வெள்ளி வாங்கினாள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரம், மிகைநேர ஊதியம் பற்றிய பகுதி, உடலுழைப்புத் தொழிலாளர்களில் மாதம் 4,500 வெள்ளி வரையும் மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளி வரையும் சம்பாதிப்பவர்களுக்குத்தான் பொருந்தும். என் தளத்தில் இரவு நின்று கான்கிரீட் ஊற்றும் தொழிலாளிக்கு மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது நியாயம், அவர் வாங்கட்டும். அதே தூணை அதே இரவில் அலுவலகத்தில் திருத்தி வரைந்துகொண்டிருப்பவளுக்கு ஒன்றும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் கொடுக்கக் கூடாது என்று அர்த்தமாகிவிடாது.

நீங்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். தளக் கூட்டங்களில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே. கட்டணம் குறைந்துகொண்டே போகிறது, நாம் குறைக்காவிட்டால் அடுத்தவர் குறைத்துவிடுவார், கட்டடம் கட்டவைக்கும் மேம்பாட்டாளர் நான்கு இடத்தில் விலை கேட்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாட்டில் வேலை இல்லையா? 2025-இல் மொத்தக் கட்டுமானத் தேவை 47 முதல் 53 பில்லியன் வெள்ளி வரை இருக்கும் என்று கட்டட, கட்டுமான ஆணையமே கணித்தது. அவ்வளவு வேலை இருக்கும் ஒரு நாட்டில் நீங்கள் ஒருவரை ஒருவர் கீழே இழுத்து விலை சொல்கிறீர்கள். மேம்பாட்டாளருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்கிறீர்கள். ஆனால் டிராயிங் தாள்கள் குறைவதில்லை, திருத்தங்கள் குறைவதில்லை, தேதியும் தள்ளிப்போவதில்லை. அப்படியானால் அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது? என் மகளுடைய இரவிலிருந்து வருகிறது. அவள் கடன் அடையத் தாமதமாகும்போது என் சேமநிதிக் கணக்கிலிருந்தும் வருகிறது. மேம்பாட்டாளருக்கு நான் ஏன் மானியம் கொடுக்க வேண்டும்? அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

நீங்கள் எல்லாரும் கூடி ஒரு கட்டணத்தை நிர்ணயிக்க முடியாது. 2004-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதற்கு இடம் தராது. மருத்துவர் சங்கத்தின் கட்டண வழிகாட்டிகூட அந்தச் சட்டத்துக்கு ஒத்துவராது என்று 2010-இல் போட்டி ஆணையம் முடிவு சொன்னது. அதனால் விலையை ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் தனியாக, உங்கள் அலுவலகத்துக்குள், ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று உண்மையாகக் கணக்குப் போட்டு, அத்தனைக்கும் சம்பளம் கொடுக்கும் விலையைச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பொதுத்துறை ஏலக்குத்தகைகளில் (டெண்டர்) தரத்துக்கும் கட்டணத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி போடும் முறை இருக்கிறது. அங்கேயாவது துணிந்து செய்யலாம்.

இதைவிட எனக்கு அதிகக் கோபம் வரவழைப்பது இன்னொரு விஷயம். தொழில்முறைத் தேர்வுக்கு அனுபவம் வேண்டும் என்றேன் அல்லவா? வேலையில் சேர்ந்த முதல் ஒன்றரை ஆண்டு என் மகள் பார்த்ததெல்லாம் வடிவமைப்புப் போட்டிகளுக்கான படங்களும் விற்பனைக் கையேட்டுக்கான படங்களும்தான். படம் நன்றாக வரைகிறாள் என்பதால் அங்கேயே உட்கார்த்திவிட்டார்கள். தளத்துக்குப் போகவில்லை. ஏலக்குத்தகை ஆவணம் பார்க்கவில்லை. ஆணையங்களுக்கு அனுப்பும் விண்ணப்பங்களைத் தொடவில்லை. காலண்டரில் இரண்டு ஆண்டு ஓடிவிட்டது, அனுபவப் பதிவேட்டில் பாதிப் பக்கம் காலி. தேர்வு தள்ளிப்போனது. தேர்வு தள்ளிப்போனால் பதிவு தள்ளிப்போகும், பதிவோடு வரும் சம்பள உயர்வும் தள்ளிப்போகும், சேமநிதித் தவணை மட்டும் தள்ளிப்போகாது.

தளத்தில் இருந்து சொல்கிறேன், நம்புங்கள். கூட்டத்துக்கு வரும் உங்கள் இளையவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்த சிலரும் குறிப்பெடுத்துக்கொண்டு மூலையில் நிற்பார்கள். ஒருமுறை ஒரு பையனிடம் அவன் வரைந்த படிக்கட்டின் முன்னால் நின்று, இந்தக் கம்பி இங்கே நுழையாது தம்பி என்று காட்டினேன். பத்து நிமிடம்தான். அடுத்த வாரம் திருத்திய டிராயிங் வந்தது, அவ்வளவு சுத்தம். அந்தப் பத்து நிமிடம் அவன் முதலாளிக்கு எத்தனை நாள் திருத்த வேலையை மிச்சப்படுத்தியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. டக்ஸ்டன் அப்படித்தான் வந்தது. ஆனால் வென்றால் பெயரும் வேலையும் நிறுவனத்துக்கு, தோற்றால் போன வார இறுதிகள் ஊழியருக்கு என்ற பங்கீடு சரியில்லை.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் என் தம்பி மகன். தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கட்டடக் கலைதான் படிப்பேன் என்கிறான். தம்பி என்னிடம் வந்து, அண்ணே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படித்திருக்கிறதே, நீங்களே சொல்லுங்கள், கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா என்று கேட்கிறான். உங்கள் துறையின் மூத்தவர்கள் பேசும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் பையனோடு போயிருந்தோம். சம்பளத்தைப் பற்றி ஒரு மாணவி கேட்டாள். மேடையில் இருந்தவர், பணம்தான் முக்கியம் என்றால் வேறு படிப்பு இருக்கிறதே என்றார். சபை சிரித்தது. கேட்ட பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். ஐயா, அது பணத்தாசை பிடித்த கேள்வி இல்லை. கடன் வாங்கப்போகும் வீட்டிலிருந்து வந்த கேள்வி. அப்பா கையில் பணம் உள்ள பிள்ளைக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. அதைச் சிரித்து ஒதுக்கினால், நாளைக்கு உங்கள் அலுவலகத்தில் பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். நம் ஊரில் பெரும்பாலோர் வாழும் வீவக வீடுகளை அப்புறம் யார் வரைவது?

என் தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். நான் கேட்பது இவைதான்.

வேலை விளம்பரத்திலேயே சம்பளத்தையும், போன ஆண்டு உங்கள் இளைய ஊழியர்கள் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதையும் போடுங்கள். அந்த மணிக்கணக்கு உங்களிடமே இல்லை என்றால் அடுத்த மாதமே எடுக்கத் தொடங்குங்கள். தளத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் வந்த நேரமும் போன நேரமும் பதிவாகிறது. உங்கள் குளிரூட்டிய அலுவலகத்தில் அதைச் செய்வது கஷ்டம் இல்லை.

வாரத்துக்கு 50 மணி நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் காசாகவோ விடுப்பாகவோ ஈடு கொடுங்கள். போட்டிக்காகச் செய்யும் வேலைக்கும் இதே கணக்கு. டாக்சிக் காசைப் பழையபடி பத்து மணிக்கே கொண்டுவாருங்கள், ஆனால் ஒருவர் மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் அதைக் கேட்டால் பங்குதாரர் ஒருவர் அந்தத் திட்டத்தின் ஆள்கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று விதி போடுங்கள்.

முதுகலை முடித்துச் சேரும் ஒவ்வொருவருக்கும், தேர்வுக்குத் தேவையான எல்லா வகை வேலையும் இரண்டு ஆண்டுக்குள் கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது தளத்துக்கு அனுப்புங்கள். தேர்வுக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், படிக்கச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள்.

உங்களில் பலர் சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் கழகத்தின் உறுப்பினர்கள். பட்டம் முடித்தவர், முதுகலை முடித்தவர், பதிவு பெற்றவர் என்று மூன்று படியிலும் என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை என்பதை ஆண்டுதோறும் திரட்டி, நிறுவனப் பெயர்கள் இல்லாமல், எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

பல்கலைக்கழகங்களின் பொது வரவேற்பு நாட்களுக்கு உங்களைப் பேசக் கூப்பிடுவார்கள். அடுத்த முறை போகும்போது, படிப்பில் சேர்வதிலிருந்து பதிவு பெறும் நாள்வரை ஆகும் ஆண்டுகள், கட்டணம், மாடல் செலவு, முதல் ஐந்தாண்டுச் சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பெற்றோர் வரிசையில் நானும் தம்பியும் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு தகப்பன்